ஏற்றத்தில் சூடானதும் ஸ்லிப் ஆகும் ஆட்டோமேட்டிக் ரெக்கவரி வண்டி: கியர் பாக்ஸைப் பிரிப்பதற்கு முன்னும் பின்னும்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் விஷயம் புரியட்டும். செங்கோட்டையில் ரெக்கவரி வண்டி ஓட்டுகிறீர்கள். ஏலத்தில் எடுத்த டீசல் சேஸிஸ். ஆறு கியர் ஆட்டோமேட்டிக், அலிசன் கம்பெனியின் 3000 வரிசை கியர் பாக்ஸ் (பெட்டி என்போம்). அதன் மேல் கிரேனும் வின்ச்சும் ஏற்றி, புளியரைக்கும் ஆரியங்காவுக்கும் நடுவே படுத்துவிடும் லாரிகளைக் கட்டி இழுக்கிறீர்கள். காலையில் ஒரு குறையும் இல்லை. லோடு லாரியை மாட்டிக்கொண்டு எஸ் வளைவு ஏறும்போது இன்ஜின் மட்டும் உறுமுகிறது, வண்டி நகர மறுக்கிறது. ஆஃப் பண்ணி அரை மணி நேரம் போட்டால் மறுபடி ஏறுகிறது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் முழு ஓவர்ஹால் என்கிறார்கள். இன்னொருவர் செகண்ட் ஹேண்ட் பெட்டி வாங்கி மாட்டிவிடலாம் என்கிறார். மூன்றாவது ஆள் அமெரிக்க வீடியோக்களைக் காட்டி 'ஹெவி டியூட்டி கிட்' போடச் சொல்கிறார். "அண்ணாச்சி, இதில் எதைச் செய்ய?" என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றில் எது என்பதைவிட, இவ்வளவு பணம் போட்ட பிறகு மறுபடியும் அதே வளைவில் நிற்க வேண்டி வருமா என்பதுதான் உங்கள் உண்மையான கவலை என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் சொல்கிறேன்.

ஷார்ஜாவில் ஆட்டோமேட்டிக் பெட்டி மட்டும் பிரித்து மாட்டும் ஒர்க்‌ஷாப்பில் பல வருடம் பெஞ்சில் வேலை பார்த்தவன் நான். இப்போது தென்காசிப் பக்கம் கனரக வண்டி வேலை. உங்கள் பாதையும் எனக்குப் பழக்கம்தான்.

நீங்கள் எழுதியதிலிருந்து உறுதியாகச் சொல்ல முடிந்தது ஒன்றுதான்: கோளாறு சூட்டோடு வருகிறது, சூடு ஆறினால் போகிறது. கிளட்ச் பிளேட் தேய்ந்ததா, சீல் இறுகியதா, ஆயில் குறைவா, பில்டர் அடைப்பா, வயரிங்கா, இல்லை பெட்டி நன்றாக இருந்தும் அதன் சக்திக்கு மீறிய எடையை இழுக்கச் சொல்கிறீர்களா என்பதெல்லாம் வண்டியைப் பார்த்து, அளந்துதான் சொல்ல வேண்டும். போனிலேயே 'ஓவர்ஹால்தான் வழி' என்று முடிவு சொன்னவரிடம் நான் வண்டியை விடமாட்டேன்.

சூடு எங்கே பிறக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது. ஆட்டோமேட்டிக்கில் இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. எதிரெதிரே வைத்த இரண்டு மின்விசிறிகளில் ஒன்றை ஓடவிட்டால் அதன் காற்றில் மற்றது சுற்றுகிறதல்லவா, அதே வேலைதான். இங்கே காற்றுக்குப் பதில் ஆயில். நடுவில் உள்ள ஸ்டேட்டர் ஆயிலைத் திருப்பிவிடுவதால், நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது இன்ஜினின் முறுக்கு விசை ஏறக்குறைய இரண்டு மடங்காகிப் பின்னால் போகிறது. லோடு லாரியை மாட்டிக்கொண்டு ஏற்றத்தில் அலுங்காமல் கிளம்ப முடிவது இதனால்தான். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் சுற்றாத வரைக்கும், வீணாகும் சக்தி முழுவதும் ஆயிலில் சூடாக இறங்கும். போதிய வேகம் வந்ததும் உள்ளே இருக்கும் லாக்-அப் கிளட்ச் இரண்டையும் பூட்டிவிடும், சூடும் அடங்கும். பெரும்பாலான ப்ரோகிராம்களில் முதல் கியரில் அந்தப் பூட்டு விழாது. இரண்டாவதில், அதுவும் ஓரளவு வேகம் பிடித்த பிறகே விழும். நீங்கள் புளியரையிலிருந்து கோட்டைவாசல் வரை முன்னால் போகும் எம்-சாண்ட் லாரிக்குப் பின்னால் ஊர்ந்தே ஏறினால், கன்வெர்ட்டர் ஒரு தடவை கூடப் பூட்டாமலே மேலே போய்ச் சேரும். அந்தச் சரிவும் லேசானதல்ல. மீட்டர் கேஜ் போய் 2018-இல் அகலப் பாதையாகத் திறந்த பிறகும் செங்கோட்டை–புனலூர் ரயிலுக்கு முன்னும் பின்னும் இன்ஜின் கோத்துத்தான் ஏற்றினார்கள்.

இந்தப் பெட்டியில் ஆயில் தொட்டியின் சூடு 70-இலிருந்து 95 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் சாதாரணம். 121-ஐத் தாண்டவே கூடாது. கன்வெர்ட்டரிலிருந்து ஆயில் வெளியேறும் இடத்தில் 149 டிகிரிதான் எல்லை. அளவு மீறினால் கணினியே மேல் கியர்களைத் தடுத்துவிடும். சூடேறிய ஆயில் நீர்த்துப்போகும். புது சீலாக இருந்தால் அந்த நீர்த்த ஆயிலையும் தடுத்து நிறுத்தும். பழைய, இறுகிப்போன சீல் விட்டுவிடும். அப்போது கிளட்ச் பிளேட்டை அழுத்த வேண்டிய பிஸ்டனுக்கு அழுத்தம் போதாது. பிளேட் வழுக்கும், வழுக்கினால் இன்னும் சூடு, அந்தச் சூட்டில் இன்னும் வழுக்கல். ஆறினால் சரியாகிவிடுகிறது என்பதற்காக நாளைக் கடத்த வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். ஒவ்வொரு தடவை இப்படி ஏறும்போதும் நல்லாயிருக்கும் பிளேட்டும் கொஞ்சம் கருகுகிறது.

இனி, காசு செலவில்லாமல் நீங்களே பார்க்க வேண்டியது. உங்கள் வண்டியில் புஷ் பட்டன் செலக்டர் இருந்தால், வண்டியைச் சமதரையில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, மேல் அம்பையும் கீழ் அம்பையும் ஒரே நேரத்தில் அமுக்குங்கள். ஆயில் 60 டிகிரிக்கு மேல் சூடாகியிருக்க வேண்டும், 104-ஐத் தாண்டியிருக்கக் கூடாது. இரண்டு நிமிடம் பொறுத்தால் ஆயில் அளவு திரையில் வரும்: சரியா, எவ்வளவு குறைவு அல்லது கூடுதல் என்று. குறைவாக இருந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். கூடுதலாக இருந்தால் சுற்றும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். இரண்டிலும் அறிகுறி ஒன்றுதான், சூடானதும் ஸ்லிப். மெக்கானிக்குகள் குறைவை மட்டும் தேடுவார்கள், கூடுதலை யாரும் சந்தேகப்படுவதில்லை. அதே இரண்டு பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்கினால் கோளாறு எண்களும் வரும். எண்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அழிக்காதீர்கள். அழித்துவிட்டு ஒர்க்‌ஷாப்புக்கு வருபவரிடம் எங்களுக்குக் கேட்க ஒன்றும் மிஞ்சுவதில்லை.

அடுத்ததற்கு ஸ்கேனர் வேண்டும். இதுதான் முழு விஷயத்துக்கும் முடிச்சு, அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இந்தப் பெட்டியில் மூன்று வேகங்கள் அளக்கப்படுகின்றன: இன்ஜின் வேகம், கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள டர்பைன் வேகம், பெட்டியிலிருந்து வெளியே போகும் ஷாஃப்டின் வேகம். 3000 வரிசையின் வழக்கமான விகிதத்தில் முதல் கியர் 3.49, இரண்டாவது 1.86, மூன்றாவது 1.41. லாரியை மாட்டிக்கொண்டு ஏற்றத்தில் ஏறும்போது பக்கத்தில் ஒருவர் ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டு வரட்டும். முதல் கியரில் வெளியே போகும் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 200 சுற்று என்றால் டர்பைன் 698 காட்ட வேண்டும். அப்படியே காட்டினால், இன்ஜின் 2,000-இல் உறுமினாலும் கிளட்ச் பிளேட் ஒன்றுகூட வழுக்கவில்லை. வழுக்குவது கன்வெர்ட்டருக்குள் ஆயில் மட்டும். அது அதன் இயல்பு. எடை அதிகம், அல்லது (முதல் கியருக்கு மேலே போகும்போது என்றால்) கியர் ஒன்று கூடுதலாக இருக்கிறது, அவ்வளவே. அந்தப் பெட்டியைப் பிரித்து லட்சக்கணக்கில் செலவு செய்து மாட்டினாலும் அடுத்த லோடில் அதே உறுமல்தான் கேட்கும். 698 வர வேண்டிய இடத்தில் டர்பைன் 850, 900 என்று ஓடினால்தான் உள்ளே கிளட்ச் வழுக்குகிறது என்று அர்த்தம்.

வழுக்குகிறது என்று தெரிந்துவிட்டால் எந்த கிளட்ச் என்பதையும் பிரிக்காமலே பெருமளவு சொல்லிவிடலாம். உள்ளே சி1 முதல் சி5 வரை ஐந்து கிளட்ச். ஒவ்வொரு கியருக்கும் இரண்டு சேர்ந்து பிடிக்கும். சி1 ஒன்றிலிருந்து நான்கு வரை எல்லாவற்றிலும் இருக்கும். அதோடு முதல் கியரில் சி5, இரண்டில் சி4, மூன்றில் சி3, நான்கில் சி2 சேரும். ஐந்து என்றால் சி2-வும் சி3-யும். ஆறு என்றால் சி2-வும் சி4-ம். ரிவர்ஸ் சி3-யும் சி5-ம். இப்போது உங்கள் அறிகுறியை இதோடு பொருத்திப் பாருங்கள். மூன்றிலும் ரிவர்ஸிலும் வழுக்கி, முதல் கியரிலும் இரண்டிலும் நன்றாக இருந்தால் சி3 பக்கம் பார்க்க வேண்டும். ஒன்று முதல் நான்கு வரை எல்லாவற்றிலும் வழுக்கி, ரிவர்ஸ் மட்டும் நன்றாகப் பிடித்தால் சி1. முன்னும் பின்னும் எல்லாமே வழுக்கினால் எல்லா கிளட்ச்சும் ஒரே நாளில் போயிருக்க வாய்ப்பு குறைவு. பம்ப், பில்டர், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு, ஆயில் அளவு என்று பொதுவான இடத்தில் தேட வேண்டும். சூட்டில் மட்டும் வரும் கோளாறு சில சமயம் உள்ளே போகும் வயர் கட்டிலோ வால்வை மின்சாரத்தால் இயக்கும் சோலனாய்டு சுருளிலோ கூட இருக்கும். அதைப் பெட்டி சூடாக இருக்கும்போதே அளக்க வேண்டும். ஆறிய பிறகு மல்டிமீட்டர் வைத்து 'நன்றாகத்தான் இருக்கு' என்று சொல்வதில் பயனில்லை.

பில்டரைக் கழற்றினால் தூக்கி எறியாதீர்கள். உறையை வெட்டி, மடிப்புக் காகிதத்தை வெள்ளைத் துணி மேல் விரித்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மை போலப் பொடி இருந்தால் தேய்மானம் சாதாரணம்தான். கறுப்பு நார் நாராக இருந்தால் கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் பொருள் உதிர்கிறது. மஞ்சள் மினுமினுப்பு என்றால் ஷாஃப்டைத் தாங்கும் புஷ் வளையம் தேய்கிறது. வெள்ளைச் செதில்கள் என்றால் அலுமினியம், எங்கோ உறை உரசுகிறது. ஆயிலே பால் கலந்த மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தால் ஆயிலை ஆற்றும் கூலருக்குள் ரேடியேட்டர் தண்ணீர் கலந்துவிட்டது. அப்போது மட்டும் யோசிக்கவே வேண்டாம். கூலன்டில் உள்ள கிளைகால் பிளேட்டில் உராய்வுப் பொருளை ஒட்டியிருக்கும் பசையைக் கரைத்துவிடும். பார்வைக்கு நன்றாக இருக்கும் பிளேட் கூட ஒரு மாதத்தில் உரிந்துவரும். எல்லா பிளேட்டையும் மாற்றியே ஆக வேண்டும், கூலரோடு சேர்த்து.

சரி, இவ்வளவும் பார்த்த பிறகு பிரிப்பதுதான் வழி என்று முடிவானால், ஓவர்ஹால் என்ற பெயரில் என்னென்ன செய்யப்போகிறார்கள் என்று கேளுங்கள். சீல் கிட்டும் உராய்வு பிளேட்டும் மட்டும் மாற்றி மூடினால் அது பாதி வேலை. நடுவில் இருக்கும் ஸ்டீல் பிளேட்டுகளில் நீலப் புள்ளி இருக்கிறதா, வளைந்திருக்கிறதா என்று நேர்ப்பட்டை வைத்துப் பார்க்க வேண்டும். நீலம் பாரித்த ஸ்டீலோடு புது பிளேட்டைச் சேர்த்தால் புதுசும் சீக்கிரம் கருகும். புது உராய்வு பிளேட்டை மாட்டும் முன் அதே ரக ஆயிலில் ஊறவைக்க வேண்டும். காய்ந்த பிளேட் முதல் பிடியிலேயே எரியும். ஒவ்வொரு கிளட்ச் கட்டிலும் எவ்வளவு இடைவெளி என்று ஃபீலர் கேஜால் அளந்து எழுதித் தர வேண்டும். இந்த எண்களை எழுதித் தரத் தயங்கும் ஒர்க்‌ஷாப் அளப்பதே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஆயிலை ஒவ்வொரு கிளட்ச்சுக்கும் பிரித்து அனுப்பும் வால்வு பாடியின் அலுமினியத் துளைகள் தேய்ந்திருந்தால் எவ்வளவு நல்ல பிளேட் போட்டாலும் அழுத்தம் அங்கே கசிந்துவிடும். கன்வெர்ட்டரையும் திறந்து பார்க்க வேண்டும். கருகிய பெட்டியின் குப்பை பாதி அதற்குள்தான் தங்கியிருக்கும், வெளியிலிருந்து கழுவினால் போகாது.

ஒரு நல்ல கையை நீங்கள் அடையாளம் காண வேண்டுமென்றால், பிளேட் எல்லாம் அடுக்கி வால்வு பாடி மாட்டுவதற்கு முந்தின நேரத்தில் போய்ப் பக்கத்தில் நில்லுங்கள். கம்ப்ரஸர் காற்றை ரெகுலேட்டரில் இரண்டு மூன்று பார் அளவுக்குக் குறைத்து, ஒவ்வொரு கிளட்ச்சின் ஆயில் துளையிலும் ரப்பர் முனையை வைத்து ஊதுவார்கள். பிஸ்டன் நகர்ந்து 'தொம்' என்று ஒரு அமுக்கமான சத்தம் வரும், பிடித்தபடி நிற்கும். 'புஸ்' என்று தொடர்ந்து காற்று கசிந்தால் சீல் மடங்கியிருக்கிறது. அங்கேயே திரும்பப் பிரிக்க வேண்டும். இந்த ஐந்து 'தொம்' கேட்ட பிறகு மூடின பெட்டியின் மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. அதே போல உள்ளே வாஷரை ஒட்டிவைக்க வாசலின் தடவுகிறார்களா, சேஸிஸ் கிரீஸ் தடவுகிறார்களா என்றும் பாருங்கள். வாசலின் சூட்டில் ஆயிலோடு கரைந்துவிடும். கிரீஸ் கட்டியாக நின்று வால்வை அடைக்கும். பேக்கிங்குக்குப் பதில் சிலிக்கான் பசை பிதுக்குவதும் அதே ஆபத்துதான்.

மாட்டும்போது நடக்கும் ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் பெட்டி ஸ்டார்ட் பண்ணின முதல் நிமிடத்திலேயே போகும். கன்வெர்ட்டரைப் பெட்டியில் செருகும்போது அது ஒரே தள்ளில் உட்காராது. மெதுவாகத் திருப்பிக்கொண்டே தள்ள, படிப்படியாக உள்ளே இறங்கிக் கடைசியில் பம்பின் பல்லில் போய்ச் சேரும். அந்தக் கடைசிப் படி இறங்காமலே போல்ட்டை முறுக்கி இன்ஜினோடு இழுத்தால் பம்ப் நசுங்கும். உறையின் விளிம்பிலிருந்து கன்வெர்ட்டர் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று ஸ்கேலால் அளந்துதான் ஏற்ற வேண்டும்.

இப்போது அந்த ஹெவி டியூட்டி விஷயம். நீங்கள் பார்த்த வீடியோக்கள் பெரும்பாலும் அமெரிக்க டீசல் பிக்கப்புகளைப் பற்றியவை. அங்கே 5.9 லிட்டர் கம்மின்ஸ் இன்ஜினோடு டாட்ஜ் ராம் வண்டிகளில் 47ஆர்.இ., பிறகு 2003 முதல் 2007 வரை 48ஆர்.இ. என்று நான்கு கியர் பெட்டிகள் வந்தன. இன்ஜினை ட்யூன் செய்து முறுக்கு விசையை ஏற்றிவிட்டு ட்ரெய்லர் இழுப்பார்கள். கன்வெர்ட்டரின் ஒற்றைத் தட்டு லாக்-அப் அதைத் தாங்காது. அதனால் பல தட்டு லாக்-அப் கன்வெர்ட்டர், முழு இரும்பிலிருந்து கடைந்த இன்புட் ஷாஃப்ட், லைன் அழுத்தம், அதாவது பெட்டியின் ஆயில் அழுத்தம், ஏற்றும் கிட் எல்லாம் போடுகிறார்கள். ஷெவர்லே வண்டிகளில் 2001-இலிருந்து வந்த அலிசன் 1000-க்கும் இதே கதை உண்டு: ட்யூன் பண்ணினால் கிளட்ச் தாங்காமல் கணினி வண்டியை லிம்ப் மோடில், அதாவது பெட்டியைக் காக்க கியரைக் கட்டுப்படுத்தும் நிலையில், தள்ளும். அவர்களுக்கு அது சரியான வைத்தியம், ஏனென்றால் நோய் இன்ஜின் பக்கத்திலிருந்து வருகிறது. உங்கள் இன்ஜின் கம்பெனி அளவில்தான் இருக்கிறது, பெட்டியும் பிக்கப் பெட்டி இல்லை, லாரிக்கும் பஸ்ஸுக்கும் என்றே செய்தது. உங்கள் நோய் பின்னால் தொங்கும் எடையும் தணியாத சூடும். இன்ஜின் அளவுக்குப் பெட்டி ஏற்கெனவே போதும் என்றால் தடித்த பிளேட்டால் உங்களுக்குக் கூடுதலாகக் கிடைப்பது மிகக் கொஞ்சம். அழுத்தத்தை ஏற்றும் கிட் போட்டால் பம்ப் இன்னும் உழைத்து இன்னும் சூடு தரும், கியர் மாறும்போது உதைக்கவும் செய்யும். கணினியே அழுத்தத்தை ஒவ்வொரு மாற்றத்திலும் கற்றுக்கொண்டு சரிசெய்யும் பெட்டியில் அதன் கணக்கையும் குழப்பிவிடும்.

உங்கள் பணத்தை எங்கே போட வேண்டும் என்று என்னைக் கேட்டால், முதலில் கூலரில். பழைய கூலரைக் கழுவி மறுபடி போடச் சொல்லாதீர்கள். பெட்டி கருகியிருந்தால் அதன் பொடி கூலரின் மெல்லிய வழிகளில் ஒட்டியிருக்கும். நாள் போகப் போக உரிந்து புதுப் பெட்டிக்குள் வரும். புதுக் கூலர் போடுங்கள். அதோடு, ரேடியேட்டர் தண்ணீரால் ஆற்றும் கூலருக்குப் பின்னால் காற்றில் ஆறும் இன்னொரு கூலரை, சொந்த ஃபேன், தெர்மோஸ்டாட் சுவிட்ச்சோடு வரிசையில் சேருங்கள். ஊர்ந்து ஏறும் வண்டிக்கு எதிர்க்காற்று கிடையாது, ஃபேன் இல்லாத கூலர் அங்கே வெறும் இரும்பு. குழாயின் உள்விட்டம் கம்பெனி அளவுக்குக் குறையக் கூடாது. இரண்டாவது, டாஷ்போர்டில் ஆயில் சூடு காட்டும் மீட்டர். இது மொத்தச் செலவில் மிகச் சிறியது. ஆனால் எப்போது ஒதுங்க வேண்டும் என்று டிரைவருக்குச் சொல்ல வேறு எதுவும் இல்லை. மூன்றாவது, ஆயில். அலிசனின் டி.இ.எஸ். 295 தரத்துச் செயற்கை ஆயில், அல்லது அதற்கு அடுத்து வந்த டி.இ.எஸ். 668. வின்ச்சுக்கு ஊற்றும் ஹைட்ராலிக் ஆயிலை அவசரத்துக்குக் கூட இதில் கலக்காதீர்கள்.

நான்காவது ஒன்று இருக்கிறது, யாரும் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார்கள்: பின் அச்சின் கிரவுன்–பினியன் விகிதம், அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது. ஏலச் சேஸிஸ் முன்பு என்ன வேலைக்கு இருந்தது என்று பாருங்கள். நெடுஞ்சாலை வேகத்துக்குப் பல் வைத்த அச்சாக இருந்தால், ஏற்றத்தில் கன்வெர்ட்டர் எப்போதும் திணறிக்கொண்டே இருக்கும், இரண்டாவது கியரில் பூட்டு விழும் வேகமே வராது. இழுவைக்கு ஏற்ற விகிதம் அதே அச்சுக்குக் கிடைத்தால் அது கியர் பாக்ஸுக்குள் செய்யும் எந்த மேம்பாட்டையும்விடப் பெரிய மாற்றம். மாற்றினால் பெட்டியின் கணினியிலும் ஸ்பீடோமீட்டரிலும் அதற்கேற்ப எண்ணைத் திருத்த வேண்டும். அந்த ப்ரோகிராம் வேலை அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம்தான் ஆகும். அலிசனுக்குச் சென்னை ஒரகடத்தில் தொழிற்சாலையே இருக்கிறது. பெட்டியின் பக்கத்தில் அடித்திருக்கும் பிளேட்டின் சீரியல் எண்ணைச் சொல்லிக் கேட்டால் உங்கள் பெட்டி எந்தத் தலைமுறை, எவ்வளவு மொத்த எடைக்கு என்று விவரம் தருவார்கள். இந்த மொத்த எடையைத் தயவுசெய்து கேளுங்கள். மூன்று அச்சு லாரிக்கு அனுமதித்த மொத்த எடை 2018-இல் 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்ந்தது. உங்கள் வண்டியின் சொந்த எடை, கிரேன், பின்னால் முழு லோடோடு தொங்கும் லாரி எல்லாம் சேர்த்துப் பார்த்தால் எண் எல்லைக்கு வெளியே போயிருக்க வாய்ப்பு அதிகம். அப்படியென்றால் லோடை இறக்கிவிட்டு இழுப்பது, அல்லது முன்னால் இன்னொரு வண்டி போடுவது. இதற்குப் பெட்டிக்குள் தீர்வு கிடையாது.

செகண்ட் ஹேண்ட் பெட்டியை நான் அடியோடு மறுக்கவில்லை. ஆனால் அதே தலைமுறை, அதே உறை அளவு, அதே விகிதம், உங்கள் வயரிங்குக்கும் கணினிக்கும் பொருந்துவது என்று நான்கும் ஒத்துவர வேண்டும். வின்ச்சை ஓட்டப் பெட்டியிலிருந்து சக்தி எடுக்கும் பி.டி.ஓ. மாட்ட இடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எந்த வண்டியிலிருந்து கழற்றியது, ஏன் கழற்றினார்கள் என்று விற்பவர் சொல்ல வேண்டும். இவ்வளவும் சரியாக இருந்தாலும் பில்டரை வெட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். கூலரை மாற்றாமல் அதையும் மாட்டினால் பழைய பெட்டிக்கு ஆனதுதான் இதற்கும்.

ஓட்டும் விதத்தில் உடனே, இன்றைக்கே மாற்ற வேண்டியவை சில. ஏறத் தொடங்கும் முன்பே கீழ் அம்பை அமுக்கி இரண்டாவது கியரில் நிறுத்தி, இன்ஜின் சுற்றைக் கொஞ்சம் கூட வைத்தே ஏறுங்கள். டி-யில் போட்டு பெட்டியே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டால் அது மேல் கியருக்கும் கீழ் கியருக்கும் மாறிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு மாற்றமும் சூடு. வளைவில் எதிரே வண்டி வருகிறது என்று காத்திருக்கும்போது ஆக்ஸிலேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள், பிரேக் போட்டு நியூட்ரலுக்கு வாருங்கள். சூடேறிவிட்டால் நீங்கள் செய்வது போல உடனே இன்ஜினை ஆஃப் பண்ணக் கூடாது. நியூட்ரலில் 1,200 முதல் 1,500 சுற்றில் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிடுங்கள். பம்ப் ஆயிலைக் கூலருக்குள் தள்ளி மீட்டர் இறங்குவதைப் பார்க்கலாம். அப்படியும் இறங்கவில்லை என்றால் கூலரில் அடைப்பு, அல்லது இன்ஜினே சூடாகிறது. அது ஒரு நல்ல சோதனையும் கூட. ரிடார்டர், அதாவது இறக்கத்தில் ஆயிலாலேயே வேகத்தைக் குறைக்கும் அமைப்பு, உள்ள பெட்டி என்றால் ஆரியங்காவிலிருந்து தென்மலை நோக்கி இறங்கும்போதும் சூடு இதே ஆயிலில்தான் ஏறும். மேலே ஏறி முடித்த சூட்டோடு இறக்கத்தைத் தொடங்காமல் கொஞ்சம் ஆறவிட்டு இறங்குங்கள்.

குற்றால சீசனில் சாரல் விடாமல் அடிக்கும் மாதங்களில் பெட்டியின் மேல் இருக்கும் மூச்சுக்குழாயை, அதாவது ப்ரீதரை, ஒரு தடவை பாருங்கள். சேறு அடைத்தால் உள்அழுத்தம் ஏறி சீல் வழியாக ஆயில் வெளியே தள்ளும். தண்ணீர் உள்ளே போனால் காகித உராய்வு பிளேட்டுக்கு அதுவும் விஷம்தான்.

இதோடு சம்பந்தப்பட்டது என்பதால் ஒன்று: நீங்கள் இழுக்கும் வண்டியே ஆட்டோமேட்டிக்காக இருந்தால், ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருளும்படி இழுக்காதீர்கள். அதன் இன்ஜின் ஓடாதபோது ஆயில் பம்பும் ஓடாது. உள்ளே பல்லும் புஷ்ஷும் ஆயில் இல்லாமல் சுற்றி, புனலூர் போய்ச் சேரும் முன்பே பெட்டி போய்விடும். ஓட்டும் சக்கரங்களைத் தூக்குங்கள், அல்லது ப்ரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றுங்கள்.

ஓவர்ஹால் முடிந்த பிறகு கணினியில் பழைய பெட்டிக்குக் கற்றுவைத்த கணக்கை அழித்து, புதிதாகக் கற்கும் நிலையில் போடச் சொல்லுங்கள். முதலில் லோடு இல்லாமல் எல்லா கியரும் பலமுறை மாறும்படி தென்காசி, கடையநல்லூர் பக்கம் சமதரையில் ஓட்டுங்கள். ஆரம்பத்தில் மாற்றம் கொஞ்சம் முரடாக இருந்தால் பதற வேண்டாம், சீக்கிரம் சமனாகும். முதல் பில்டரை 8,000 கிலோமீட்டர் அல்லது 200 மணி நேரத்தில் மாற்றுவது பழைய அட்டவணை. மலையில் இழுக்கும் வண்டிக்கு நான் அதில் பாதியிலேயே மாற்றி வெட்டிப் பார்ப்பேன்.

எனவே இப்போதைக்கு யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள். ஆயில் அளவு திரையில் என்ன வந்தது, கோளாறு எண்கள் என்ன, லோடோடு ஏறும்போது ஒவ்வொரு கியரிலும் இன்ஜின், டர்பைன், ஷாஃப்ட் மூன்று வேகங்களும் ஆயில் சூடும் எவ்வளவு, பின் அச்சின் விகிதம் என்ன என்று பார்த்து இங்கேயே எழுதுங்கள். டர்பைனும் ஷாஃப்டும் கியர் விகிதத்துக்குச் சரியாக ஒத்துவந்தால் பெட்டியைத் தொட வேண்டாம், கூலர் வேலையை மட்டும் தொடங்கிவிடலாம். ஒத்துவராவிட்டால் எந்த கிளட்ச் என்று அந்த எண்களை வைத்தே சொல்லிவிடுகிறேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்பில் விலை பேசுங்கள்.